கரையோரத் தோட்டத்துக் கோய் குளத்திற்கு எந்த வடிகட்டி? இராமநாதபுரத்தின் நீரையும் காற்றையும் வைத்து ஓர் ஒப்பீடு

கோய் என்னும் அலங்காரக் கெண்டை மீனை வளர்ப்போர் வடிகட்டியை மாற்ற நினைக்கும்போது முதலில் பார்ப்பவை நீரின் தெளிவும் கருவியின் விலையும்தான். தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி உச்சிப்புளி, மண்டபம், இராமேசுவரம் வரையிலும், தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரையிலும் உள்ள கரையோர ஊர்களில் அவ்விரண்டுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய வேறு இரண்டு கேள்விகள் உள்ளன என்பது என் உறுதியான கருத்து. அந்த வடிகட்டி வாரத்திற்கு எவ்வளவு நல்ல தண்ணீரைக் குடிக்கும்? மின்சாரம் நின்ற வேளையில் மீன்களின் நிலை என்னவாகும்? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்த பிறகே மற்றவற்றைப் பேச வேண்டும். வேறு ஊர்களில் சிறந்ததென்று கொண்டாடப்படும் கருவி இங்கே பெருஞ்சுமையாகிவிடுவதும், பழையதென்று ஒதுக்கப்படும் அமைப்பு இங்கே நன்றாக நிலைத்துவிடுவதும் இக்காரணங்களால்தான்.

ஒப்பிட வசதியாக 12 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள ஒரு தோட்டக் குளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 10,900 லிட்டர் நீர் நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு கிலோ எடையுள்ள பத்து மீன்கள் இருப்பதாகவும், நாளொன்றுக்கு 200 கிராம் தீவனம் இடுவதாகவும், குளத்தருகே ஜல்லியும் ஸ்பான்சும் நிரப்பிய ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் இப்போது வடிகட்டியாக இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நம் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் காணப்படுவது இதுதான். ஜல்லிக்கிடையே சேறு இறுகி, நீர் ஓரிரு தடங்களில் மட்டும் ஓடத் தொடங்கியதும், மற்ற இடங்களில் காற்றுப் புகாத அழுகல் உண்டாகிறது. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நிலைக்கு வந்த டிரம்மை மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒரே நாளில் மாற்றக் கூடாது; அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். மணற்பாங்கான கரையோரத்தில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. ஆழமில்லாத கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதும், ஆசைப்பட்டு ஆழத் துளையிட்ட ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர் ஏறுவதும் இதனால்தான். கோய் மீன் ஓரளவு உப்பைத் தாங்கும். லிட்டருக்கு 1 கிராம் உப்பு இருப்பது, மீன் கழிவின் அம்மோனியா சிதையும்போது உண்டாகும் நைட்ரைட்டின் நச்சிலிருந்து அதனைக் காக்கவும் செய்கிறது. ஆகவே உப்பு இருப்பதைக் காட்டிலும் அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போவதுதான் கவலைக்குரியது. நம் குளத்தின் மேற்பரப்பு சுமார் 9 சதுர மீட்டர். கோடைக் காற்றில் நாளுக்கு 8 மில்லிமீட்டர் ஆவியாவதாகக் கொண்டால் 70 லிட்டருக்குச் சற்று மேல் போகிறது. அதனை ஈடுசெய்ய 2,000 டி.டி.எஸ். (லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் மில்லிகிராம் அளவு) உள்ள கிணற்று நீரை ஊற்றினால், நீர் மட்டும் ஆவியாகி உப்பு தங்கிவிடுவதால், நாளுக்கு 140 கிராம் உப்பு குளத்தில் சேர்கிறது. மாதத்திற்கு ஏறக்குறைய 390 டி.டி.எஸ். கூடும், அதே கிணற்று நீரால் நிரப்பிய குளம் எனில் நீர் மாற்றாமல் ஐந்து மாதங்கள் கழிந்தால் தொடக்கத்தில் இருந்ததைப் போல் இருமடங்காகும்.

எனவே நீர் மாற்றத்தைத் தவிர்க்க முடியாது. மாற்றுவதற்கான நீரோ எளிதில் கிடைப்பதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களில் குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்கும்போது அந்த நீரைக் குளத்திற்குத் திருப்புவதை நான் ஏற்பதில்லை. அவசரத்திற்கு எடுத்தாலும் அதிலுள்ள குளோரினைச் சோடியம் தயோசல்பேட் கொண்டு நீக்காமல் வடிகட்டியின் அருகே விடக் கூடாது, ஏனெனில் அது மீனின் செவுளையும் வடிகட்டியில் குடியிருந்து நீரைச் சுத்தமாக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்தே அழிக்கும். தள்ளுவண்டிக் குடமும் தண்ணீர் லாரியும் செலவு மிக்கவை. மிஞ்சுவது மழைநீர். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் குழாயமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். வடிகட்டிக்குச் செலவிட எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதியை மழைநீர்த் தொட்டிக்கு ஒதுக்குபவர், எந்த வடிகட்டியை வாங்கினாலும் பயனடைவார்.

இனி வடிகட்டி செய்ய வேண்டிய வேலை எவ்வளவு என்பதைக் கணக்கிடலாம். 40 விழுக்காடு புரதமுள்ள தீவனம் 200 கிராம் இட்டால், மீன் கழிவின் வழியே ஏறக்குறைய 7 கிராம் அம்மோனியா நைட்ரஜன் (அம்மோனியாவிலுள்ள நைட்ரஜனின் அளவு) நீரில் கலக்கிறது. வடிகட்டியே இல்லையெனில் ஒரே நாளில் அது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் அளவை எட்டும். இந்த அளவு மற்ற ஊர்களில் உடனே கொல்லாது, இங்கே கொல்லக்கூடும். அம்மோனியாவின் நச்சு வடிவம் வெப்பத்தோடும், நீரின் அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். அளவோடும் கூடுகிறது. 30 பாகை வெப்பத்தில் பி.எச். 7 எனில் மொத்த அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 எனில் 7.5 விழுக்காடு, 8.5 எனில் ஐந்தில் ஒரு பங்கு. நம் கிணற்று நீர் பொதுவாகக் கார இயல்புடையது. பாசி படர்ந்த குளத்தில் பிற்பகலில் பி.எச். இன்னும் ஏறும். நச்சு வடிவம் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதென்று கொள்ளப்படும்போது, நம் குளத்தில் ஒரே நாளில் அதைப் போல் ஆறு மடங்கு சேர்ந்துவிடக்கூடும் என்பது இக்கணக்கின் பொருள். மறுபக்கம், வெதுவெதுப்பான நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவாகவே கரையும்: 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் இடத்தில், 30 பாகையில் 7.5தான். அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஒவ்வொரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் 4.5 கிராமுக்கு மேல் உயிர்வளியை எடுத்துக்கொள்வதால், மீனும் வடிகட்டியும் ஒரே உயிர்வளிக்குப் போட்டியிடுகின்றன. இதனால்தான் மின்தடையைப் பற்றிய கேள்வியைத் தொடக்கத்திலேயே வைத்தேன்.

கடைகளில் மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுவது பீட் ஃபில்டர் என்னும் அழுத்தக் கலன். பிளாஸ்டிக் மணிகள் நிரம்பிய மூடிய கலனுக்குள் மோட்டார் நீரை அழுத்தி அனுப்புகிறது. கழிவு மணிகளிடையே தங்குகிறது. மேலிருக்கும் வால்வைத் திருப்பினால் நீர் எதிர்த்திசையில் ஓடி அழுக்கை வெளியே தள்ளுகிறது. இடம் சிறிதே போதும், குளத்தை இடிக்க வேண்டியதில்லை, கையில் சேறு படுவதில்லை. இவையெல்லாம் உண்மையான நன்மைகள். ஆனால் மணிக்கு 10,000 லிட்டர் ஓடும் மோட்டாரில் மூன்று நிமிடம் பின்கழுவி, ஒரு நிமிடம் அலசினால் 670 லிட்டர் போய்விடும். ஏறக்குறைய 45 குடம். கோடையில் வாரம் இருமுறை கழுவ நேர்ந்தால், வாராந்தர நீர் மாற்றத்திற்குப் போதுமான அளவையும் தாண்டிவிடுகிறது. அழுத்தத்தைத் தாங்க அரைக் குதிரைத்திறன் மோட்டார் வேண்டியிருக்கும். அது 500 வாட் அளவில் இழுத்தால் நாளுக்கு 12 யூனிட், இரண்டு மாதத்திற்கு 720 யூனிட். வீட்டு இணைப்பில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதைத் தமிழ்நாட்டில் மின்கட்டணம் கட்டுவோர் அறிவார்கள்.

மின்தடையில் இதன் நடத்தை இன்னும் கவலைக்குரியது. ஓட்டம் நின்ற மூடிய கலனுக்குள் எஞ்சிய உயிர்வளியை நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடும். சில மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் உள்ளே கெட்டுப்போன நீர் நேராகக் குளத்திற்குள் பாயும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின் வாரியம் காலை முதல் மாலை வரை நிறுத்தும் நாள்களில், யாராவது வீட்டிலிருந்து முதல் ஓட்டத்தை வெளியே திறந்துவிட வேண்டும். நல்ல தண்ணீர்க் கிணறும், கழுவிய நீரைப் பாய்ச்சத் தென்னையும், பகலில் வீட்டில் ஓர் ஆளும் உள்ளவருக்கு மட்டுமே இதனை நான் பரிந்துரைப்பேன். உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் அப்படிப்பட்டவர்கள் உள்ளனர். அவர்களுக்கு அந்தக் கழிவுநீர் நல்ல உரமாகவும் ஆகிறது.

நீச்சல் குளத்து மணல் வடிகட்டியைச் சிலர் குறைந்த விலைக்கு வாங்கிப் பொருத்துகிறார்கள். மீன் கழிவு மணலைக் கட்டியாக்கிவிடும். அதனை இவ்வொப்பீட்டில் சேர்க்கவே வேண்டியதில்லை.

அடுத்தது டிரம் வடிகட்டி; பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இது முன்சொன்ன நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் அன்று. 60 அல்லது 70 மைக்ரான் வலை போர்த்திய உருளைக்குள் குளத்து நீர் புகுந்து வலை வழியாக வெளியேறுகிறது. வலை அடைபட்டு நீர்மட்டம் மாறியதும் உணரி (சென்சார்) அதனைக் கண்டறிந்து, உருளையைச் சுழற்றித் தெளிப்பான்களால் வலையைக் கழுவுகிறது. கழிவு நீரில் கரைவதற்கு முன்பே வெளியேற்றப்படுவது இதன் பெருஞ்சிறப்பு. மற்ற எல்லா அமைப்புகளிலும் கழிவு அடுத்த கழுவல் வரை வடிகட்டிக்குள்ளேயே கிடந்து கரைகிறது. ஒரு கழுவலுக்குச் சில லிட்டரே செலவு, ஆனால் நாளில் பல முறை கழுவும். ஆகவே நீர்ச் செலவில் அழுத்தக் கலனை விட மேலானதாயினும், அறவே செலவில்லை என்று சொல்ல முடியாது. தடையின்போது, குளமும் வடிகட்டியும் ஒரே நீர்மட்டத்தில் இருந்தால், எல்லாம் அப்படியே நிற்கும். அழுத்தக் கலனைப் போல் கெட்ட நீரைத் தள்ளாது.

இதற்கு எதிராக நிற்பது விலை மட்டுமன்று, உப்புக் காற்றும்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சன்னல் கம்பிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் நேர்வதே இதன் உணரிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சுழற்றும் மோட்டாருக்கும் நேரும். உருளையும் திருகுகளும் 316 தர எவர்சில்வரில் இருக்கின்றனவா, 304இலா என்று வாங்கும்போதே கேட்டு எழுத்தில் பெற வேண்டும்; 304 தரம் கடற்கரையில் புள்ளி புள்ளியாகத் துருவேறும். கட்டுப்பாட்டுப் பெட்டியை வெளியில் வைக்காமல் வீட்டுச் சுவருக்குள் கொண்டுபோக வேண்டும். பழுதானால் உதிரிப் பாகம் சென்னையிலிருந்து வர வேண்டும்; அலங்கார மீன் வணிகத்தின் மையமான கொளத்தூரிலேயே கிடைக்காமல் இறக்குமதிக்குக் காத்திருக்க நேர்வதும் உண்டு. தெளிப்பான் நின்றுபோய் வலை முழுதாக அடைபட்டால், அடுத்த அறையில் நீர் வற்றி மோட்டார் எரியும் என்பதால் மட்டம் குறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் இல்லாமல் டிரம் வடிகட்டியைப் பொருத்தவே கூடாது. 25,000 லிட்டருக்கு மேற்பட்ட குளமும் அடர்த்தியான மீன்களும் இருப்பவருக்கு இந்தத் தொல்லைகள் தகும். நாம் எடுத்துக்கொண்ட குளத்திற்கு இது தேவைக்கு மிஞ்சிய ஏற்பாடு.

மூன்றாவது, நான் இக்கரைக்கு மிகவும் பொருந்துவதாகக் கருதுவது: குளத்தின் நீர்மட்டத்திலேயே அமைந்த பல அறைத் தொட்டி. குளத்தின் தரையில் பொருத்திய அடிவடிகாலிலிருந்து 4 அங்குலக் குழாய் வழியே நீர் தானாக முதல் அறைக்கு வந்து, வேகம் தணிந்து, கனத்த கழிவைக் கீழே விடுகிறது. இரண்டாம் அறையில் தூரிகைகள் தொங்கும். மூன்றாம் அறையில் கே1 எனப்படும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்கள் காற்றுக் குமிழிகளால் ஓயாது புரளும். அவற்றின்மேல்தான் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. கடைசியில் தாழ்ந்த உயரத்திற்கு மட்டுமே நீரைத் தூக்கும் சிறு மோட்டார் அதனைக் குளத்திற்குத் திருப்பும். கே1இன் பரப்பு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 500 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் நாளுக்கு 0.2 கிராம் அம்மோனியா நைட்ரஜனைச் சிதைப்பதாகக் குறைத்தே மதிப்பிட்டாலும், நம் 7 கிராமுக்கு 35 சதுர மீட்டர், அதாவது 70 லிட்டர் சக்கரங்கள் போதும். மீன் வளரும் என்பதால் 150 லிட்டர் போட்டு, அவை புரள இடம்விட்டு அறையை 300 லிட்டராகக் கட்டலாம்.

இதன் மோட்டார் 100 வாட் எனில் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்திற்கு 144. முதல் அறையின் அடியைத் திறந்துவிட்டால் சில பத்து லிட்டரில் சேறு வெளியேறும். தூரிகைகளைக் குளத்து நீரிலேயே அலசிக்கொள்ளலாம். தடைக்காலத்தில்தான் இதன் அருமை விளங்கும். பெரிய மோட்டார் நின்றாலும், 40 வாட் காற்றுப் பம்பு ஒன்று இன்வெர்ட்டரில் ஓடினால் சக்கரங்களும் மீன்களும் சேர்ந்து மூச்சுவிடும். 150 ஆம்பியர்-மணி மின்கலம் அதனைப் பன்னிரண்டு மணி நேரத்திற்குக் குறையாமல் ஓட்டும். அதே மின்கலத்தில் 500 வாட் மோட்டார் ஒன்றரை மணி நேரம் ஓடினாலே பெரிது. பழுதானால் ஊர் எலக்ட்ரீசியனும் பிளம்பரும் பார்த்துவிடக்கூடிய பாகங்களே இதில் உள்ளன. உலோகம் ஏறக்குறைய இல்லை என்பதால் உப்புக் காற்று கடிக்க ஒன்றும் இல்லை.

இதற்குரிய விலை உடலுழைப்பு. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சேற்றில் கை வைக்க மனமில்லாதவர் இதைக் கட்டக் கூடாது. கட்டுவதும் எளிதன்று. மணலில் தோண்டும் குழி சரியும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது காலியாக இருக்கும் பைபர் தொட்டி மிதந்து குழாய்களைப் பிய்த்துக்கொண்டு எழும்பிவிடும். ஆகவே அடியில் கான்கிரீட் இட்டுத் தொட்டியை அதனோடு பிணைக்க வேண்டும், மழைக்காலத்தில் காலியாக்கவும் கூடாது. பழைய குளத்தில் அடிவடிகால் இல்லையென்றால், ஒருமுறை குளத்தை வற்றவைத்துப் பொருத்துவதே நேர்மையான வழி. சுவரின் நடு உயரத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது பாதித் தீர்வு, அடிச்சேறு அங்கேயே தங்கும்.

நீரை உயரத்திலிருந்து கற்கள் மேல் பொழியவிடும் ஷவர் வடிகட்டியை இவற்றோடு சேர்க்கலாமா என்று கேட்பவர் உண்டு. உயிர்வளி சேர்ப்பதில் அதற்கு இணை குறைவு. ஆனால் நம் காற்றில் ஈரப்பதம் மிகுதியாக இருப்பதால் குளிர்ச்சி எதிர்பார்த்த அளவுக்குக் கிடைப்பதில்லை; ஆவியாதல் கூடி உப்பு இன்னும் விரைவாக ஏறுகிறது, கடின நீரின் சுண்ணாம்பு கற்களில் படிகிறது. வெப்பத்தைக் குறைக்கத் தென்னங்கீற்றுப் பந்தலோ பச்சை நிழல்வலையோ போடுவது மலிவான வழி. ஷவருக்கென விற்கப்படும் நுண்துளைக் கற்களின் விலையைக் கண்டு, கரையில் ஒதுங்கும் பவளப் பாறைத் துண்டுகளைப் பயன்படுத்தும் எண்ணம் எவருக்கும் வரக் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சூழ்ந்த அந்தப் பவளத்திட்டுகள்தாம் நம் மீனவரின் பிழைப்பைத் தாங்குகின்றன. ஒரு தோட்டக் குளத்திற்காக அதில் ஒரு துண்டும் எடுக்கத் தக்கதன்று. மழைநீரை மிகுதியாகப் பயன்படுத்துவோருக்குக் காரத்தன்மை குறையும் என்பதால் சுண்ணாம்புப் பொருள் வேண்டுமென்றால், சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும் மட்டி ஓடுகள் சில கிலோவை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டால் அதே வேலை நடக்கும்.

செடிப் படுகை பற்றியும் ஒரு சொல். சம்பு ஓரளவு உப்பைத் தாங்கி, அம்மோனியா சிதைந்து கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டை உறிஞ்சும். கல்வாழை உப்பு ஏறினால் இலை கருகும். துணையாக வைக்கலாம், தனி வடிகட்டியாக நம்பக் கூடாது. புற ஊதா விளக்கு பச்சை நீரைத் தெளியவைக்கும். அம்மோனியாவை அது தொடுவதில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஓராண்டில் அதன் ஆற்றல் குறைந்துவிடும், கண்ணாடி உறையில் படியும் சுண்ணாம்பை வினிகர் கொண்டு துடைக்கவும் வேண்டும்.

வேலையை எப்போது தொடங்குவது என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. சித்திரை, வைகாசி வெயிலில் உயிர்வளிக்கு இடமே இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் குழியும் மின்சாரமும் நம்பத்தக்கவை அல்ல. பொங்கல் கழிந்து மாசி முடியும் வரையான காலம் சிறந்தது: மழைநீர்த் தொட்டி நிறைந்திருக்கும், நீரும் நுண்ணுயிர்கள் பெருகத் தேவையான வெதுவெதுப்போடு இருக்கும். தோண்டுவதற்கு முன்பே அம்மோனியா, நைட்ரைட், பி.எச்., காரத்தன்மை ஆகியவற்றைச் சோதிக்கும் பெட்டியை வாங்கி, காலையிலும் பிற்பகலிலும் அளந்து எழுதி வைக்க வேண்டும். கிணற்று நீரின் டி.டி.எஸ். அளவைக் கோடையிலும் மழைக்குப் பின்னும் தனித்தனியே அறிந்திருப்பது நல்லது. கழிவுநீர் எங்கே போகும் என்பதையும் முன்னரே முடிவு செய்ய வேண்டும். தென்னைக்கோ வாழைக்கோ போகலாம், மீன் முட்டையும் நோயும் கலந்து போகக்கூடும் என்பதால் ஊருணிக்குப் போகவே கூடாது.

பழைய நீல டிரம்மை ஒரே நாளில் மாற்றக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம், நுண்ணுயிர்களில் பெரும்பகுதி இன்னும் அதன் ஜல்லியில்தான் இருக்கின்றன. புதிய தொட்டியில் சக்கரங்களைப் போட்டு, பழைய ஸ்பான்சைக் குளத்து நீரில் அந்த அறைக்குள் பிழிந்துவிட்டு, இரண்டையும் ஆறு முதல் எட்டு வாரம் சேர்த்தே ஓடவிட வேண்டும். அக்காலத்தில் தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, லிட்டருக்கு 1 கிராம் உப்பு இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்; நம் கிணற்று நீரில் அது ஏற்கெனவே இருக்கவும் கூடும் என்பதால் அளந்த பின்பே சேர்க்க வேண்டும். சக்கரங்களின் உட்புறம் பழுப்பு நிறம் பிடித்ததும் பழைய டிரம்மின் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம். அதன்பின் ஒரு வாரம் முழுதும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் நின்றால், டிரம்மை நிறுத்திவிட்டு ஜல்லியை வெளியே கொட்டலாம்.